உதாரணத்துக்கு ஒரு நுங்கு

காப்பியின் விலை இறங்கும்வரை குடிக்காமல் காத்திருப்பது தேரிக்குடியில் எல்லா வீட்டிலும் வழக்கம். சமையலறைச் சுவரில் விலைப்பலகை ஓடிக்கொண்டே இருக்கும். காப்பி, தண்ணீர், மூச்சுவிடும் காற்று என்று எல்லாவற்றுக்கும் நிமிடத்துக்கு நிமிடம் விலை மாறும். செவ்வாயில் அந்தக் குடியிருப்பை அமைத்தவர்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். ஊரின் தேரிக்காட்டு மணலைப் போலவே அங்கும் மண் சிவந்து கிடந்ததால் அந்தப் பெயர்.

அன்று காலையிலும் ஞானதுரை தம்ளரைக் காப்பிக் குழாயடியில் வைத்துவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விலைய மாத்துறதுக்கே கையேடு எழுதுன மனுசன், ஒரு காப்பிக்கு இப்படியா தவம் கிடக்கணும்?" என்றாள் அவர் மனைவி ஜெபக்கனி.

"எழுதுனவனுக்குத்தாம்ளா தெரியும், இறங்கும்னு. போயிட்டு வந்து குடிக்கேன். தம்ளர எடுத்துராத."

மேற்குச் சுரங்கப் பாதையில் ஏதோ இணைப்பு சரியில்லை என்று பார்க்கப் போனார். முற்பகலில் அந்தப் பாதையின் காற்றுச்சுவர் உடைந்தது. காப்பி அதற்கு முன்பே இறங்கியிருந்தது.

அவர் எழுதியது விலைவாசலுக்கான கையேடு. விலைவாசல் கண்ணுக்குத் தெரிகிற வாசலல்ல. கடைகள் தலைமைக் கணினியோடு பேசுகிற முறை. கடைக்கென்று கொடுத்த ரகசியக் குறியீடான சாவியைக் காட்டி, பொருளின் பெயரையும் புது விலையையும் சொன்னால் பலகைகளில் அந்த நொடியே விலை மாறிவிடும். எப்படிச் சொல்வது, தப்பாகச் சொன்னால் என்ன பதில் வரும், சொன்னதை எப்படி நீக்குவது என்பதையெல்லாம் வருடக்கணக்காக உட்கார்ந்து எழுதியிருந்தார். ஒவ்வொரு வரியையும் முதலில் படித்தவள் ஜெபக்கனி. கடைசியாகப் படித்தவளும் அவள்தான் என்று அவரே கேலி செய்வார்.

கையேட்டுக்கு உதாரணமாக ஒரு பொருள் வேண்டியிருந்தது. "அரிசின்னு போட்டா எவனாவது அப்படியே எடுத்து ஒட்டிருவான், ஊரு நாறிப்போகும். இங்க வராத சாமானா ஒண்ணு சொல்லு."

"நுங்கு" என்றாள் அவள், யோசிக்காமலே. பூமியைவிட்டு வந்த நாளாய் அந்த ஆசை அவளுக்கு.

'நுங்கு, விலை மூன்று' என்று எழுதினார்.

"மூணுக்கா? ஊர்லயே கிடைக்காதே."

"உனக்கு மூணு."

பிழைகளைப் பற்றிய அத்தியாயத்தின் நடுவில் இன்னொரு வரியும் சேர்த்திருந்தார்: 'இதுவரை படித்து வந்தவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் காப்பி உண்டு. விலை பார்க்க மாட்டோம்.' ஒருவர்கூட வந்ததில்லை.

அவர் போய்ச் சேர்ந்த மறுமாதம், அவரிடம் வேலை கற்ற மெர்லின் வந்தாள். உட்காராமல் நின்றாள்.

"மதினி, தப்பா நினைச்சிராதிய. அண்ணாச்சியோட நுங்கு ஊரெல்லாம் ஓடுது. கையேட்ட எவன் படிச்சான்? கடை திறக்கிறவன் எல்லாம் உதாரணத்த அப்படியே ஒட்டிருக்கான். முடிவெட்டுற கடைப் பலகையிலகூட நுங்கு மூணு. ஆளுக வந்து கேட்டுட்டு ஏசிட்டுப் போறாவ."

"தெரியும்" என்றாள் ஜெபக்கனி. ஒரு மாதமாக அவள் கடைவீதிக்குப் போய்வந்ததே அதைப் பார்க்கத்தான்.

"புதுக் கையேட்ட நீங்கதான் எழுதணும். நுங்க எடுத்துருங்க. கடைகள்ல இருந்து நீக்குற முறையையும் முதல் பக்கத்துலயே போட்டுருங்க."

"அதையும் எடுத்துட்டா அவியள்னு சொல்லிக்க இங்க என்னட்டி மிச்சம்?"

மெர்லின் கொஞ்சம் தயங்கினாள். "இனிமே கடை எல்லாம் எந்திரம்தான் நடத்தப் போகுது. அது மனுசன் மாதிரி இல்ல மதினி. ஒரு எழுத்து விடாமப் படிக்கும். அண்ணாச்சி எழுதுன அம்புட்டையும்."

அந்தச் சொல்லுக்குத்தான் ஜெபக்கனி சம்மதித்தாள். அவருடைய வாக்கியங்களில் கை வைக்கவில்லை. நுங்கு இருந்த இடத்தில் மட்டும் 'பொருளின் பெயரை இங்கே எழுதவும்' என்று போட்டு, விலைக்குப் பூஜ்யம் வைத்தாள். நுங்கை நீக்கும் முறையை முதல் பக்கத்தில், சிறு பிள்ளைக்கும் புரியும்படி எழுதினாள். எழுதும்போது இரண்டு தடவை எழுந்துபோய் முகம் கழுவினாள். காப்பி வரியை அப்படியே விட்டுவிட்டாள்.

கையேடு வெளியான அன்று அவள் வெளியே எங்கும் போகவில்லை. எந்திரம் காப்பி குடிக்காது என்று அவளுக்குத் தெரியும். படித்துவிட்டு வந்து கதவைத் தட்டினால் போதும்.

மறுநாள் கதவு தட்டப்பட்டது. ஓடிப்போய்த் திறந்தாள். மெர்லின் நின்றாள்; சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம்.

"கடைவீதிக்கு வாங்க மதினி."

எல்லாக் கடைப் பலகைகளிலும் புதிதாக ஒரு சரக்கு ஓடிக்கொண்டிருந்தது: 'பொருளின் பெயரை இங்கே எழுதவும். விலை பூஜ்யம்.' இலவசம் என்பதால் அதற்கு ஒரு வரிசையும் நின்றது.

"எழுத்து விடாமப் படிக்கும்னியே?"

"படிச்சாச்சுன்னுதான் எல்லா எந்திரமும் சொல்லுது. கையேடு எப்படிப் படிக்கணும்னு அதுகளுக்குப் பழைய காலத்து மனுசங்களப் பாத்துல்லா கத்துக் குடுத்திருக்கு. இருபத்தொன்னாம் நூற்றாண்டு ஆளுக."

"அவங்க எப்படிப் படிச்சாங்களாம்?"

"கடகடன்னு கீழ உருட்டுவாங்களாம். உதாரணத்தப் பிடிச்சு ஒட்டுவாங்களாம். அப்புறம் 'முழுவதும் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்'னு ஒரு தட்டு."

ஒரே ஓர் எந்திரம் முதல் பக்கத்தைப் படித்திருந்தால்கூட அந்தக் கடையில் பழைய உதாரணம் போயிருக்கும். ஜெபக்கனி அண்ணாந்து பலகையைப் பார்த்தாள். தண்ணீர் ஏறியது. காற்று இறங்கி, மறுபடி ஏறியது. காப்பி அவள் பார்க்கப் பார்க்கவே இரண்டு முறை மாறியது.

அடுத்த வரியில் நுங்கு, மூன்று.