துணைக்கு வந்தவள்

ஹில்டா வேலியைத் தாண்டி வந்த பிறகும் டெஸ்மண்ட் மரக்கதவைச் சாத்தவில்லை. இன்னும் ஒருவர் வரவேண்டியிருப்பதுபோல் பிடித்தபடி நின்றான். பிறகுதான் கொக்கியை மாட்டினான்.

"யாருக்காகப் புடிச்சுட்டு நின்னீங்க?"

"பழக்கதோஷம்." அவன் சிரிக்கவில்லை.

டெஸ்மண்ட் அவளுடைய தங்கை நோராவின் கணவன். போன அக்டோபரில், பப்பில் தொடங்கி அங்கேயே முடியும் இதே மேட்டுவெளிச் சுற்றுப்பாதையில்தான் நோரா காணாமல் போனாள். மூடுபனியில் பிரிந்துவிட்டோம் என்றான். போலீஸ் நம்பியது, ஹில்டா நம்பவில்லை. "ஒருதடவை என்கூட நடந்து பாருங்க" என்று அவன் கூப்பிட்டபோது, எந்த இடத்தில் அவன் முகம் மாறுகிறது என்று பார்க்கத்தான் வந்தாள். அவனை முன்னால் விட்டே நடந்தாள்.

மதியம் தாண்டியதும் மேட்டுவெளியில் பனி இறங்கியது. நனைந்த ஹெதர் புதர்களின் கசந்த வாசனையும், கண்ணுக்குத் தெரியாத செம்மறி ஒன்றின் இருமலும், ஒவ்வொரு அடிக்கும் சதுப்பு பூட்ஸை விட மனமில்லாமல் விடும் சளக்கென்ற சத்தமும் அவள் கூடவே வந்தன. முன்னால் அவன் காலடி. அப்புறம் அவளுடையது. அப்புறம், பின்னால், இன்னொன்று.

அவள் நின்றாள். அது மேலும் ஓரடி வைத்துவிட்டு நின்றது.

டெஸ்மண்டும் நின்றிருந்தான், ஒரு கருங்குட்டையின் ஓரத்தில். முகம் சாம்பலாக இருந்தது.

"இங்கதானா?"

"இங்கதான். சண்டை போட்டுட்டே வந்தோம். கால் வழுக்கி உள்ள போயிட்டா. ஒரு நிமிஷம் கிடக்கட்டும்னு விட்டேன். ஒரே நிமிஷம்தான், ஹில்டா."

அவள் போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. கீழே போகும் வழி அவனுக்குத்தான் தெரியும்.

"நடங்க. பப் பக்கத்துலதான் இருக்கு. திரும்பிப் பாக்காதீங்க," என்றான்.

பப்பில் கணப்பு எரிந்தது. வறுத்த மீன் மணத்தது. "அட, டெஸ்மண்ட்! வாராவாரம் ஒத்தையா வருவீங்க, இன்னிக்கு ஜோடி சேந்தாச்சா?" என்று கடைக்காரி சிரித்தாள். இருவரும் மூலைப் பெஞ்சுகளில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"போலீஸ்ல சொல்லப்போறேன்," என்றாள் ஹில்டா.

"சொல்லுங்க." சுமையை இறக்கி வைத்தவன்போல் அவன் தோள்கள் தளர்ந்தன. "வாராவாரம் நோராவ இங்க கொண்டுவந்து விட்டுப் பாத்தேன். என் பின்னாலயே வீட்டுக்கு வந்துடுவா. ராத்திரியெல்லாம் மாடிப்படில தண்ணி சொட்டும். கூடப்பொறந்தவ வந்தா அவகூடப் போயிடுவான்னு நெனச்சேன்."

"என்ன உளர்றீங்க?"

அவன் பார்வை அவள்மேல் இல்லை. அவளுக்குப் பக்கத்தில், காலியிடத்தில் இருந்தது. "மன்னிச்சிருங்க," என்றான், யாரிடம் என்று தெரியவில்லை. பீரைத் தொடாமல் எழுந்து போனான். வெளியே கார் கிளம்பியது. தூரத்தில் தேய்ந்தது.

ஹில்டா எழ முயன்றாள். முடியவில்லை. அவளுக்குப் பக்கத்தில், யாரோ உட்கார்ந்ததுபோல் பெஞ்சு அமுங்கியது.

குளிர். அழுகிய செடிகளின் நாற்றம். அவள் மடிமீது கறுப்புத் தண்ணீர் பரவியது.

ஈரக்கூந்தல் தோளில் சாய்ந்தது. காதருகே, சேறு நிறைந்த வாயொன்று அவள் பெயரைச் சொல்ல முயன்றுகொண்டிருந்தது.