இரண்டாவது நாற்காலிக்கு ஓர் ஒப்பந்தம்

காலை எட்டு மணி. முடிதிருத்தும் கடையின் மைனாவைக் காணவில்லை.

கடைக்குப் பாதி வருமானம் அதன் வாயால்தான். தெருவில் போகிறவரைப் பார்த்து, "தலையா அது, புதரா?" என்று கத்தும். மானத்துக்குப் பயந்து ஆள் உள்ளே வந்துவிடும். வழுக்கைத் தலையர்கூட ஒருவர் வந்து உட்கார்ந்தாராம், அதை மறுக்க ஊரில் ஆளில்லை.

புகார் கேட்டு வந்த இன்ஸ்பெக்டரம்மா கூண்டைப் பார்த்தார். கொண்டி போட்டிருந்தது.

"பறந்து போற மைனா கதவைச் சாத்தி, கொண்டி போட்டுட்டா போகும்? திருட்டு."

கடைக்காரர் காதில் அது விழவில்லை. மச்சினன் சொல்லச் சொல்ல, மூக்கை உறிஞ்சியபடி வாசல் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்: மைனாவைக் கொண்டுவருபவருக்கு இரண்டாவது நாற்காலி, நிரந்தரமாக. அந்த நாற்காலியில் தொழில் செய்பவள் அவர் மகள். சீப்பும் கையுமாகப் பலகையை எட்டிப் பார்த்தாள்.

மச்சினனுக்கு ஊர் வைத்த பெயர் அரை வக்கீல். சட்டக் கல்லூரியில் ஒரு வருடம் பெஞ்சு தேய்த்தவன். நஷ்டம் பெஞ்சுக்குத்தான்.

மைனாவைத் தேடப் போனவன் பத்து மணிக்குக் கோணிப்பையோடு வந்தான். உள்ளே மைனா. மேசைமேல் விட்டதும் அது இறக்கையை அடித்துப் பார்த்துவிட்டுக் கல் மாதிரி தரையில் விழுந்தது. மகள் வாரி எடுத்தாள்.

"மாமா, நாற்காலி! முன்மொழிவு பலகையில, ஏற்பு என் பையில. ஒப்பந்தம் ஆயாச்சு. மாத்திப் பேசினா கோர்ட்டுல பார்த்துக்கலாம்."

"அப்பா, வேணாம்ப்பா!"

"ஊரறிய வாக்குக் கொடுத்துட்டேனேம்மா..."

இன்ஸ்பெக்டரம்மா கொட்டாவி விட்டார். "வக்கீல் சார், மறுபயன்னு ஒண்ணு உண்டே, வாக்குக்கு ஈடா நீங்க செய்யறது. காலடியில கிடந்ததைப் பொறுக்கிட்டு வந்தா நாற்காலியா?"

"பொறுக்கினேனா? நான் மரம் ஏற ஏற, அது அடுத்த மரத்துக்குப் பறக்குது மேடம். அங்க ஏறினா மொட்டை மாடிக்குப் பறக்குது. முழங்காலே தேஞ்சுபோச்சு!"

"நல்லாப் பறந்துச்சோ?"

"கழுகு கெட்டுது போங்க!"

இன்ஸ்பெக்டரம்மா மகள் பக்கம் திரும்பினார். "இறக்கையை யாரும்மா வெட்டினது?"

"நான்தான். நேத்து கடை சாத்தும்போது, ஒட்ட வெட்டிட்டேன்."

மச்சினன் முகம் சவரம் செய்ததுபோல் வெளுத்தது.

"அக்கா வீட்டு ஆணியில தொங்கின கடைச் சாவியை எடுத்து, இருட்டுல பையில அமுக்கினவன் நீ. இறக்கையைப் பார்க்கலை," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "அட மண்டு, மைனாவைக் கொண்டுவந்து கொடுக்கிறதே மறுபயன்தான். மரம் ஏறணும்னு பலகையில எங்கடா இருக்கு? ரெண்டாம் வருஷம் போயிருந்தா வாயை மூடிட்டு இருந்திருப்பே. திருடி, ஏமாத்தி வாங்கின வாக்கு காதறுந்த ஊசிக்குக்கூடப் பெறாது. நட ஸ்டேஷனுக்கு."

வாசலில் நின்று கடைக்காரரைப் பார்த்தார். "பெரியவரே, முதல்ல பலகையை அழிங்க. முன்மொழிவு நிக்கிற வரைக்கும் இவனை மாதிரி இன்னொருத்தன் கிளம்புவான்."

அவர் துணி தேடுவதற்குள் மகள் ஈரத்துண்டால் பலகையைத் துடைத்து முடித்திருந்தாள். பிறகு இரண்டாவது நாற்காலியை ஒரு தட்டுத் தட்டித் திருப்பினாள்.

"அடுத்தது யாரு? வாங்க."