கைக்குத் தெரியாத வெட்டு

"ஐயோ...! வெட்டிப்போட்டாங்கள்...!"

சிவனேஸ்வரியின் அலறலில் விசுவமடுக் காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

நடராசா ஓடினார். வயது ஐம்பத்திரண்டு. தொழில் தோட்டம். ஊரில் ஆட்டுக்குட்டி காணாமற்போனாலும் துப்புத் துலக்க முதல் ஆளாக வந்து நிற்பவர்.

இதுவரை ஓர் ஆட்டுக்குட்டியும் கிடைத்ததில்லை என்பது வேறு விஷயம்!

வரம்போரம் சடலம் கிடந்தது.

கறுப்பு நிறம். நாற்பது அடி நீளம். ஆறு துண்டு...

கிணற்றிலிருந்து சிவனேஸ்வரியின் மிளகாய்த் தோட்டத்துக்குப் போகும் தண்ணிப் பைப்!

"இருநூறு மிளகாய்க் கண்டு அண்ணை... பூக்கிற நேரம். புதுப் பைப் நாளைக்குத்தான் வரும். இண்டைக்குத் தண்ணி இல்லாட்டி எல்லாம் கருகிப்போம்!"

அவள் கண் கலங்கியதைப் பார்க்க நடராசாவுக்கு நெஞ்சு கொதித்தது.

"அழாதை பிள்ளை! செய்தவனைப் பிடிச்சு, இருநூறு கண்டுக்கும் வாளியால தண்ணி ஊத்த வைக்காட்டி என்ர பேர் நடராசா இல்லை!"

குனிந்து வெட்டு வாயைத் தடவினார். பிசிறே இல்லை!

"மெல்லிய அலகு... காட்டுக்கத்தி. இந்தப் பக்கத்தில இப்பிடிக் கத்தி ஒண்டுதான் இருக்கு."

"ஆரிட்ட அண்ணை?"

"என்னட்ட..."

சமாளித்தார்.

"துணிஞ்ச கள்ளன்! என்ர கத்தியாலயே செய்திருக்கிறான். இளநி சீவலாம், வேலிக்குக் கதியால் வெட்டலாம், பத்தை துப்பரவாக்கலாம், எதை வெட்டினாலும் கைக்கே தெரியாது எண்டு ஊரெல்லாம் புளுகினனான். இப்ப எல்லாரும் இரவல் கேக்கிறாங்கள்!"

நேற்று இரவல் வாங்கியவர் பக்கத்துக் காணிப் பரமலிங்கம். அலறல் கேட்டு அவரும் வந்து நின்றார்.

நடராசா பாய்ந்தார்.

"பரமலிங்கம்! நேத்து இளநி சீவிப்போட்டுக் கத்தியை ஆரிட்டக் குடுத்தனீர்?"

"ஒருத்தரிட்டையும் குடுக்கேல்லை. கத்தியைக் கைக்குக் கை குடுத்தால் சண்டை வருமெல்லோ? நிலத்தில வச்சனான்."

"ஆஹா...! அப்ப வச்சதை எடுத்தவன்தான் குற்றவாளி! ஆர் அவன்?"

பரமலிங்கம் தலையைச் சொறிந்தார்.

"பயப்பிடாமல் சொல்லும்! எவ்வளவு பெரிய கொம்பனெண்டாலும் நான் இருக்கிறன்!"

"நீங்கள்தான் அண்ணை எடுத்தனீங்கள்."

பரமலிங்கம் வரம்பைக் காட்டினார்.

"எடுத்துப்போட்டு, 'சிவனேஸ்வரியின்ர வரம்பில புல்லு முழங்காலளவு நிக்குது, பாம்பு வந்திடும், ஒருக்கா வெட்டிவிடுவம்' எண்டு இஞ்சதான் வந்தனீங்கள்."

நடராசா வரம்பைப் பார்த்தார்.

புல் சீராக வெட்டுப்பட்டிருந்தது. புல்லுக்குள் கிடந்த பைப்பும் அதே சீரில்...

மானம் கப்பலேறியது. விசுவமடுவில் கடல் இல்லாதது ஒன்றுதான் குறை!

"பிள்ளை... சத்தியமாக் கைக்கு ஒண்டும் தெரியேல்லை..."

"எனக்குத் தெரியும் அண்ணை. அதுதானே உங்கட கத்தியின்ர விசேஷம்!"

சிவனேஸ்வரி கிணற்றடிக்குப் போனாள். இரண்டு வாளிகளைக் கொண்டுவந்தாள்.

நடராசா கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. நிலத்தில் வைத்தாள்.

"வச்சதை எடுக்கிறவர்தானே குற்றவாளி...? எடுங்கோ அண்ணை!"

எடுத்தார்.

அறுபதாவது கண்டில் பரமலிங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணை, கேஸ் எப்பிடிப் போகுது?"

"கத்திதான் ஐசே கைக்குத் தெரியாது... வாளி நல்லாத் தெரியுது!"