சூப்பு வேண்டாம் என்றவன்

முற்றத்தில் ஒரு பிணம் கிடந்தது.

நேற்று வரை அதற்கு ரெஜினால் என்று பெயர். ஹைட்டியின் மிரபலே ஊரில் சிமென்ட் கடை. கடத்தல் கும்பல் தலைவன் ஜெர்வே கேட்ட பணத்துக்கு ரெஜினாலின் மைத்துனன் பேரம் பேசினான்... சந்தையில் கத்தரிக்காய் வாங்குவதைப் போல!

ஜெர்வேக்குப் பேரம் பிடிக்காது.

எல்பிடியோ பியேர் கண்ணை மூடிக்கொண்டான். வாசல் பக்கம் திரும்பாமல் இருக்க அதுதான் வழி.

எல்லைக்குப் போன பேருந்தை மறித்து, எல்லோரையும் இறக்கி, இந்தப் பாழடைந்த பள்ளிக்கூடத்தில் அடைத்திருந்தார்கள். ஜெர்வே துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக விசாரித்து வந்தான். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உனக்கு யாருடா இருக்கா?"

"யாருமில்ல தலைவரே. டொமினிக்கன் பக்கம் கொத்தனார் வேலை. பிடிச்சு லாரியில ஏத்தி இந்தப் பக்கம் தள்ளிட்டாங்க."

"பேப்பர்?"

"இல்ல."

"சொந்த ஊரு?"

"அப்பா ஊரு, இங்க தோமோந்த்."

ஜெர்வே தன் ஆட்களைப் பார்த்துச் சலித்துக்கொண்டான். "இவனை ஏன்டா தூக்கிட்டு வந்தீங்க? டீசல் தண்டம். இன்னிக்கு ஜனவரி ஒண்ணு. சூப்பைக் குடுத்து அனுப்பிவிடுங்க."

அனுப்பிவிடுங்க!

எல்பிடியோவுக்கு அழுகையே வந்துவிட்டது. யாருமில்லை என்றதைத் தவிர, அவன் சொன்னதெல்லாம் உண்மை. ஒன்றைத்தான் சொல்லவில்லை. அவன் பிறந்ததே அந்தப் பக்கம், சான் ஹுவானில். பெற்றவள் பிரசவத்தோடு போய்ச் சேர, அடுத்த வீட்டு டொமினிக்கன் அம்மாள் எடுத்து வளர்த்தாள். மனைவி யுதெல்காவும் அந்தப் பக்கத்துக்காரிதான். எல்லைக்கு அப்பால் எலியாஸ் பீன்யாவில் நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறாள்.

பிள்ளை பிறக்குமுன் அவளிடம் போய்ச் சேர வேண்டும். வேறு ஆசை எதுவும் அவனுக்கு இல்லை.

மஞ்சள் பூசணி சூப்பு ஆவி பறக்க வந்தது. ஒருவன் குவளையை நீட்டினான்.

இரவெல்லாம் பட்டினி, பயம். வீட்டு நினைப்பில் வாய் தானாகத் திறந்தது.

"காலையில சூப்பு ஒத்துக்காது அண்ணே. வாழைக்காய் மசியல் இருந்தா கொஞ்சம்..."



பக்கத்தில் அடைபட்டிருந்த நர்ஸ் ரோஸ்லாந்த் அவன் தொடையைக் கிள்ளினாள். "குடிச்சுத் தொலைடா தம்பி. அடிமைக் காலத்துல துரைமாருங்க மட்டும் குடிச்ச சூப்பு இது. விடுதலை வாங்கின நாள்ல நாம குடிக்கிறோம். இதைப் போய் வேணாங்குறியே!"

நுணல் தன் வாயால் கெட்டுவிட்டது.

ஜெர்வே நிதானமாகத் திரும்பி வந்து, அவன் முன்னால் குந்தினான்.

"இந்த நாட்டுல பல்லு முளைக்காத பிள்ளைக்குக்கூட இன்னிக்கு ஒரு கரண்டி ஊட்டுவாங்க. ஆளைக் கடத்துறவன், நானே குடிச்சுட்டுத்தான் வந்தேன். நீ அந்தப் பக்கத்து மசியல் கேக்குற."

"பழக்கமில்ல தலைவரே..."

"அதான் கேக்குறேன். எந்த நாட்டுக்காரனுக்குப் பழக்கமில்ல?"



"டொமினிக்கன்டா இவன்!" ஜெர்வே எழுந்து கைதட்டினான். "கொத்தனாராம், கொத்தனார். போன் நம்பரைச் சொல்லு."

தண்டமாக இருந்தவனுக்கு ஒரே நிமிடத்தில் விலை வந்துவிட்டது. ரெஜினாலின் விலையைப்போலப் பத்து மடங்கு.

யுதெல்கா போனை எடுத்தாள். கேட்டாள். அலறவில்லை. அந்த வயிற்றோடு எல்லைக் காவல் முகாமுக்கு ஓடினாள். அங்கிருந்த கேப்டன் வென்தூரா அவள் போனை வாங்கிப் பேசினான். ஜெர்வே ஒலிபெருக்கியைப் போட்டு, சந்தையில் கற்ற அரைகுறை ஸ்பானிஷில் விஷயத்தைச் சொன்னான்.

"பேரு என்ன?" என்றான் கேப்டன்.

"எல்பிடியோ பியேர்."

"பியேரா?" அந்தப் பக்கம் சிரிப்பு. "பியேர்னு எங்க நாட்டுல எவனும் கிடையாதுப்பா. அது ஹைட்டிக்காரன். போன மாசம் நானே லாரியில ஏத்தினேன். உங்க ஆளை நீங்களே கடத்திட்டு எங்ககிட்ட காசு கேக்குறீங்களா?"

"இங்க பிறந்தவருங்க ஐயா... என் புருஷங்க..." யுதெல்காவின் குரல் தூரத்தில் கேட்டது.

போன் துண்டிக்கப்பட்டது.

அடுத்து தோமோந்தில் இருந்த சித்தப்பாவுக்கு அடித்தார்கள்.

"அவனா? நம்ம பாஷையையே கொத்தவேலைக்குப் போன இடத்துல கத்துக்கிட்டவன். ஸ்பானிஷ்காரப் பய. எங்களுக்கும் அவனுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல."

ஜெர்வே போனைப் பையில் போட்டான். நிஜமாகவே வருத்தப்பட்டான் போலிருந்தது.

"அவங்க நீ எங்க ஆளுங்குறாங்க. இவங்க நீ அவங்க ஆளுங்குறாங்க. நான் என்னடா பண்றது? விலையை வாய்விட்டுச் சொல்லிட்டேன். சொன்ன விலை வராம ஒருத்தனை விட்டேன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் குடுப்பான்? எழுந்திரு. முற்றத்துக்குப் போவோம்."

எல்பிடியோ எழுந்தான்.

அப்போது பக்கத்து அறையிலிருந்து ஒருவன் கத்தினான். ஸ்பானிஷ்! "தண்ணி குடுங்கடா... புண்ணியமாப் போகும்..."

"அது யாரு?" என்றான் எல்பிடியோ.

"பிரவுலியோன்னு ஒரு லாரிக்காரன். அசல் டொமினிக்கன், பேப்பரோட. ஆனா நான் பேசுறது அவன் வீட்டாளுங்களுக்குப் பாதிதான் புரியுது. பயந்து போனை வச்சுடுறாங்க."

எல்பிடியோ போனுக்குக் கை நீட்டினான்.

"நான் பேசுறேன்."

"பேசாதடா தம்பி," என்றாள் ரோஸ்லாந்த் மெல்ல. "ஒரு தடவை பேசினா, இதுக்குன்னே வச்சுக்குவான், உன்னை விடவே மாட்டான். பிள்ளை முகத்தைப் பாக்க மாட்ட."

"பேசலைன்னா பாப்பேனா அக்கா?"



பிரவுலியோவின் வீட்டாரும் அதே முகாமுக்குத்தான் ஓடியிருந்தார்கள். அந்த எல்லையில் அழுவதற்கு வேறு இடம் ஏது? போனை எடுத்ததும் அதே கேப்டன் வென்தூராதான். ஆனால் குரலில் இப்போது தேன் வழிந்தது.

"சொல்லுங்க. பிரவுலியோ நல்லா இருக்காரா?"

எல்பிடியோ பேசினான். வளர்த்த அம்மாளிடம் கற்ற ஸ்பானிஷ், தடங்கலில்லாமல் வந்தது. பிரவுலியோவைக் கட்டியிருந்த சங்கிலியைச் சொன்னான். தாகத்தைச் சொன்னான். தொகையைச் சொன்னான். போலீஸ், பட்டாளம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னான். சொல்லும்போது வெட்கம் நெஞ்சை அறுத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.



"நீங்க... சான் ஹுவான் பக்கமா?"

"ஆமா. பிறந்து வளர்ந்த ஊரு."

"அதானே பார்த்தேன்!" கேப்டனின் குரல் தழுதழுத்தது. "இந்தப் பேச்சு எந்த ஹைட்டிக்காரனுக்கும் வராது. ஏன்யா, நம்ம மண்ணுல பிறந்த அசல் டொமினிக்கன் நீ... நம்ம ஆளுக்கே இப்படிச் செய்யலாமா?"

ஜெர்வே துப்பாக்கியால் முதுகில் இடித்தான். "என்னடா சொல்றான்?"

எல்பிடியோ போனை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"இந்த எல்பிடியோ பியேர் அசல் டொமினிக்கன்னு இப்ப சொன்னதை அப்படியே எழுதி, முத்திரை குத்தி, என் பெண்டாட்டி யுதெல்கா கையில குடுத்துடுங்க கேப்டன்... வெளியதான் உக்காந்திருப்பா."