மூன்று ஆமீன்

சாதிக்காய்ச் சாக்கில் மணம் இல்லை.

யாகூப் குனிந்து முகர்ந்தான். காலையில் கடை திறந்தபோது மூக்கைத் துளைத்த சரக்கு. ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தான், மரத்தூள் ருசி. தனக்குச் சளி, தடிமன் பிடித்துவிட்டதோ என்று பக்கத்துக் கறுவாவை முகர்ந்தால், அது பாட்டுக்குக் கமகமத்தது. கடையில் நிற்கிற வெள்ளைக்காரன் சற்று முன் படம் பிடித்தது சாதிக்காயை மட்டும்தான்.

சீகிரியாக் குன்றைப் பார்க்கப் போகிறவன். வேனைத் தெருவோரம் நிறுத்திவிட்டு, கழுத்தில் கெமராவோடு மாத்தளைக் கடைத்தெருவுக்குள் வந்திருந்தான். வந்ததும் கெமராத் திரையைக் காட்டினான்: ஏதோ அரபு நாட்டுப் பழைய சந்தை, வளைந்த கூரை, பித்தளை விளக்குகள், வரிசையாகச் சாக்குகள். பிறகு சாக்கைக் காட்டி, ஓதுகிற மாதிரி நிதானமாக அரபியில் ஏதோ சொன்னான். யாகூப்புக்கு அரபி ஓதத் தெரியும், விளங்காது. காதில் அரபி விழுந்தால் துஆ, ஏதோ பிரார்த்தனை என்றே நினைப்பான். வியாபாரம் பெருக பரக்கத் கேட்கிறான், நல்ல மனுசன் என்று இரண்டு கையையும் ஏந்தி, அப்படியே ஆகட்டும் என்று "ஆமீன்" சொல்லியிருந்தான்.

இப்போது வெள்ளைக்காரன் மேசையடியில் கிடந்த பூனையைக் காட்டி அதே வார்த்தைகளைச் சொன்னான்.

"ஆமீன்."

க்ளிக். பூனை எழுந்து வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தது. யாகூப்பின் கண் சாதிக்காய்ச் சாக்குக்குப் போனது.

சே, என்ன பைத்தியக்கார நினைப்பு!

ஸ்டூலில் அவனுடைய எட்டு வயது மகள் ஸஹ்னா உட்கார்ந்திருந்தாள். ஸ்கூல் விட்டு வந்த வெள்ளை உடுப்பு. வெள்ளைக்காரன் அவள் பக்கம் திரும்பினான்.

"சிரிங்க மகள், அங்கிள் படம் எடுக்கிறாரு" என்றான் யாகூப்.

சிரித்தாள். அதே அரபி. வேண்டாம் என்று மனம் அடித்துக்கொண்டது. பழகிய வாய் முந்திவிட்டது.

"ஆமீன்."

க்ளிக்.

வாசலில் தேத்தண்ணிப் பிளாஸ்க் விழுந்து உடைந்தது. அவன் மனைவி ஸரீனா. ரியாத்தில் நாலு வருசம் வீட்டுவேலை செய்தவள்.

"அல்லாஹ்வே! அவன் என்ன கேட்டான்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"துஆதானே..."

"'இத எனக்குத் தாறீங்களா'ன்னு கேட்டான்! நீங்க ஆமீன் சொல்றீங்க!"

வெள்ளைக்காரன் மரியாதையாகத் திரையை யாகூப்பிடம் நீட்டினான். அதே சந்தை. ஒரு புதுச் சாக்கு. அதன்மேல் பூனை. பக்கத்தில் வெள்ளை உடுப்பில் ஒரு பிள்ளை, அழுதபடி.

தலையசைத்துவிட்டுத் தெருவில் இறங்கினான். ஸரீனா அரபியில் கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். அவன் திரும்பவில்லை.

யாகூப் மகளைப் பார்த்தான். ஸ்டூலில்தான் இருந்தாள். சிரித்தபடி. கட்டிப்பிடித்துத் தலையை முகர்ந்தான். எண்ணெய் வாசம் இல்லை. வியர்வை இல்லை. ஒன்றுமில்லை.

"பேசுங்க மகள். வாப்பான்னு கூப்பிடுங்க."

வாயைத் திறந்தாள். பூனை மாதிரி. மறுபடியும் திறந்தாள்.

"வாப்பா!"

சத்தம் தெருவிலிருந்து வந்தது. மெல்லிசாக. போகிறவனின் கழுத்துக் கெமராவிலிருந்து.

"வாப்பா! வாப்..."

வேன் கதவு சாத்தப்பட்டது.

ஸ்டூலில் இருந்தவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். வாப்பா சிரிக்கச் சொன்ன மாதிரியே.