மற்ற குறிப்புகள்

திங்கட்கிழமை காலை ஏணியில் ஏறி அந்தப் பலகையை ஈரத்துணியால் துடைத்தபோது துணியில் ஒரு பொட்டு அழுக்குக்கூட ஒட்டவில்லை. போன வாரமும் ஒட்டவில்லை. வெளியே தாழ்வாரத்து இரும்பு அலமாரியின் மேல்தட்டில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. கதவைத் தாண்டி நாலடி உள்ளே, கூரைக்கு ஒரு முழம் கீழே அடித்திருந்த இந்தப் பலகை மட்டும் யாரோ நாளெல்லாம் உடம்பால் உரசிக்கொண்டிருந்ததுபோல் வழவழத்தது. ஏசிக் காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு, உறையிலிருந்து புது அட்டையை உருவி, முகத்தைத் திருப்பிக்கொண்டே பலகைமேல் வைத்துவிட்டு இறங்கினாள்.

அவள் இருதயப் பிரிவில் பதிவேடு பார்க்கிற கிளார்க். ஏணி ஏறுவதெல்லாம் அவள் வேலையே இல்லை. பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே அவள் தலையில் கட்டிவிட்டார்; நர்ஸ்கள் அவளுக்கு ஏணியம்மா என்று பெயரும் வைத்து முடித்துவிட்டார்கள்.

பெரிய டாக்டரின் ஆராய்ச்சி அது. புதுக்கட்டடம் திறந்த இரண்டு வருஷமாக, இதயம் நின்றுபோனவர்களையும் நிற்கிற நிலையில் இருப்பவர்களையும் அடித்துப்பிடித்துக் கொண்டுவந்து போடுகிற அறையில்தான் அந்தப் பலகை. ஒரே கட்டில், ஜன்னல் கிடையாது, அணையாத வெள்ளை விளக்கு. நின்ற இதயம் மறுபடி துடித்தவர்களில் சிலர், மேலே மிதந்தேன், என் உடம்பையே கீழே பார்த்தேன் என்று சொல்வதுண்டு. சரி ஐயா, மிதந்தீர்களே, பலகைமேல் கூரையைப் பார்த்துக் கிடக்கிற படத்தையும் பார்த்திருப்பீர்களே, என்ன படம்? மீனா, கடிகாரமா, பம்பரமா? அதை வைக்கிறவளுக்கே தெரியாது. யாராவது சரியாகச் சொல்லிவிட்டால், செத்த பிறகும் மனுஷனில் ஏதோ மிச்சமிருக்கிறது என்று ஆகிவிடும். பதினோரு பேர் பிழைத்துப் பேசினார்கள். ஒருவர்கூடப் படத்தைச் சொல்லவில்லை. பதினொன்றும் 'தவறு' என்ற கட்டத்துக்குள் போய் உட்கார்ந்தன.

புதன்கிழமை விடிந்ததும் அந்தக் கட்டிலில் அவள் அண்ணனைக் கொண்டுவந்து போட்டார்கள்.

அப்பா அம்மா போனபின் அவளை வளர்த்து ஆளாக்கியவர் அண்ணன்தான். அவளுக்குப் படிப்பு, அவளுக்கு வேலை, அவளுக்குக் கல்யாணம் என்று ஓடியவர் தனக்கென்று ஒரு குடும்பத்தை யோசிக்கவே இல்லை. லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டைத் திறந்து ஆட்களை இறக்கிவிட்டு, கையைத் துடைத்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாராம். நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இதயம் நிற்கவில்லை. நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"மூஞ்ச ஏன் இப்படி வச்சிருக்க? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார் அண்ணன்.

"வாயைக் கழுவு முதல்ல."

"மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுத்தே முப்பது வருஷம் ஓடிப்போச்சு. இப்ப என்னை நீ எடு பாப்பா, பாக்கலாம்." சிரித்தவர், சற்று நிறுத்திக் கூரையைப் பார்த்தார். "மேல என்ன, எலி இருக்கா? ஒரே சரசரப்பு. நிறைய பேர் பாயில புரண்டு படுக்கற மாதிரி."

அவள் காதைத் தீட்டிக் கேட்டாள். மெஷினின் பீப் பீப், ஏசியின் உறுமல், மருந்து வாடைக்கு அடியில் ரொம்ப நேரம் பூட்டிக் கிடந்த பஸ்ஸைத் திறந்தாற்போல ஒரு மனுஷ வேர்வை நாற்றம். சரசரப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் கதவுப் பக்கமாகவே நகர்ந்து உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குத் தன் மேஜைக்குப் போனாள். ஆராய்ச்சி அறிக்கையை அந்த வாரமே முடித்துக்கொடுக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்கும்போல் இருந்தது. பதினோரு தாள்களையும் வரிசையாகப் பரப்பினாள். இதுவரை 'சரி', 'தவறு' கட்டங்களைத்தான் எண்ணியிருக்கிறாள். அன்றைக்குத்தான் அடியில் நர்ஸ்கள் கிறுக்கியிருந்த 'மற்ற குறிப்புகள்' என்ற பத்தியைப் படித்தாள்.

மூன்றாம் ஆள்: படம் தெரியவில்லை, அதன்மேல் ரெண்டு பேர் படுத்திருந்தார்கள். ஐந்தாம் ஆள்: ஆறு பேர், நெருக்கியடித்துக்கொண்டு, அதில் ஒரு சின்னப் பிள்ளை. ஒன்பதாம் ஆள்: கூட்டம், எண்ண முடியவில்லை, முதுகும் முட்டியும்தான், திரும்பக்கூட இடமில்லை. பதினோராம் ஆள்: எல்லோரும் கீழே இறங்க வழி கேட்டார்கள், எனக்காவது திரும்பிப் போக உடம்பு இருந்தது.

மருந்து மயக்கத்தில் ஆயிரம் தெரியும் என்று நினைத்துப் பார்த்தாள். ஆனால் இந்தப் பதினோரு பேரும் ஒருவரையொருவர் கண்ணால்கூடக் கண்டதில்லை. எழுதிய நர்ஸ்களும் வேறு வேறு ஆட்கள். மனம் கேட்காமல், அந்த அறையின் இறப்புப் பதிவேட்டை இழுத்துத் தேதி பார்த்தாள். மூன்றாம் ஆள் பிழைத்த நாள்வரை அந்த அறையில் செத்தவர்கள் இரண்டு பேர். ஐந்தாம் ஆளின் நாள்வரை ஆறு பேர். ஆறாவது, ஒன்பது வயதுப் பெண்குழந்தை.

இன்றைய தேதிவரை முப்பத்தொன்று.

பெரிய டாக்டர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "படத்தைச் சொன்னாங்களா?"

"இல்ல சார். ஆனா இந்த எண்ணிக்கை..."

"படத்தைச் சொல்லலன்னா தவறு. ஆக்சிஜன் குறைஞ்சா மூளை கண்டதையும் காட்டும்மா. நீங்க பயந்திருக்கீங்க, அதான்."

"எங்க அண்ணனை அந்த ரூமை விட்டு மாத்திடுங்க சார். எங்க வேணாலும் போடுங்க. தாழ்வாரத்துல போட்டாக்கூடப் பரவாயில்ல."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் போனை எடுத்துக் கட்டில் விசாரித்தார். பொது வார்டில் நாலு மணிக்கு ஒரு கட்டில் காலியாகும், மாற்றிவிடலாம் என்றார்.

நாலு மணி ஆவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஊசியின்மேல் ஓரம் பிய்ந்த பிளாஸ்டர் ஒட்டியிருந்த அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்க்கக் கூடாது என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் செத்துப்போவாரோ என்ற பயம்கூட இரண்டாம்பட்சமாகிவிட்டது. எங்கே சாவார் என்பதே பயமாகிவிட்டது. வெயிலில் சாகட்டும், ரோட்டில் சாகட்டும், கடவுளே, இங்கே மட்டும் வேண்டாம்.

"யாரோ என் மூஞ்சில மூச்சு விடறாங்க பாப்பா," என்றார் அண்ணன் மெதுவாக.

நாலு பத்துக்கு மூத்த நர்ஸும் இன்னொருத்தியும் வந்து கட்டிலின் சக்கரப் பூட்டை எடுத்தார்கள். கட்டில் உருண்டது. கதவு திறந்தது. தாழ்வாரத்து வெளிச்சம் அண்ணனின் நெற்றியில் விழுந்தது, பிறகு மூக்கில், பிறகு வாயில். தோள்வரை வெளியே வந்துவிட்டார். இன்னும் மூன்றடி.

மெஷின் ஒரே கூச்சலாக அலறியது.

"நின்னுபோச்சு! உள்ள தள்ளு, ஷாக் மெஷினெல்லாம் உள்ளதான் இருக்கு!"

"வேணாம்கா! வெளியவே பாருங்க! உங்க கால்ல விழறேன், வெளிய இழுங்க!"

"ஏணியம்மா, கையை எடு! செத்துருவாரு!"

அவள் கம்பியைப் பிடித்து வெளியே இழுத்தாள். இரண்டு பேர் உள்ளே இழுத்தார்கள். கட்டில் உள்ளே போனது. கதவு மூடியது. ஓடிவந்த பெரிய டாக்டர் அண்ணனின் நெஞ்சை அமுக்கினார், ஷாக் கொடுத்தார், மறுபடி அமுக்கினார். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

ஒன்பது நிமிஷம் கழித்துத் துடித்தது. அண்ணன் கண்ணைத் திறந்தார். கண்கள் கூரையிலேயே இருந்தன.

அவள் பாய்ந்து வாயருகே காதை வைத்தாள்.

"குடை," என்றார். "மடக்கின குடை. பலகைமேல."

"அண்ணா, பேசாத. பேசாத."

"எனக்கு மட்டும் ஒதுங்கி வழி விட்டாங்க... பாத்துட்டுப் போய்ச் சொல்லு, அப்பவாவது நம்புவாங்கன்னு... பாப்பா, இடமே இல்ல அங்க. என்னை வெளிய எடு."

மறுபடி நின்றது. இந்தத் தடவை அரைமணி நேரம் அமுக்கியும் வரவில்லை. நாலு ஐம்பத்திரண்டு என்று மூத்த நர்ஸ் எழுதினாள். பெரிய டாக்டர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் தோளில் கை வைத்தார். "முடிஞ்சதைச் செஞ்சோம்மா. கடைசியா என்னமோ சொன்னாரே, என்னது?"

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். தாள்களைக் கொண்டுவருகிறோம் என்று சொல்லி எல்லோரும் வெளியே போனார்கள். கதவு தானாக மூடிக்கொண்டது.

ஏணி மூலையில்தான் இருந்தது.

பெரிய டாக்டரின் அந்தத் 'தவறு' கட்டத்தை அவள் இதுவரை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. இப்போது அதைத்தான் நம்பப் பார்த்தாள். பலகைமேல் மீன் இருக்கட்டும். பம்பரம் இருக்கட்டும். என்ன எழவு வேண்டுமானாலும் இருக்கட்டும், குடை மட்டும் இருக்க வேண்டாம். தவறாக இருந்தால் அண்ணன் நிம்மதியாகப் போய்விட்டார். தவறு. தவறாக இருக்கட்டும்.

ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் அந்த வேர்வை நாற்றம் கூடியது. ஐந்தாம் படியில் காற்று வெதுவெதுத்தது. ஏழாம் படியில் நின்று, கையை நீட்டி, அட்டையை விளிம்போடு சாய்த்துப் பார்த்தாள்.

குடை. மடக்கியது.

இறங்க வேண்டும். கையை எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

விரல்கள். முதலில் இரண்டு. பிறகு நாலு. பிறகு எண்ண முடியவில்லை, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒன்றின்மேல் ஒன்றாக. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவள் தோல் மட்டும் பள்ளம் பள்ளமாக அமுங்கியது. மேலே தூக்கிவிடுவார்கள் என்று நினைத்தாள். தூக்கவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தார்கள். ஏணி கிரீச்சிட்டது. ஒரு குழந்தையின் கை அவள் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தது.

மறு கையால் ஏணியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கை வந்தது. பெரிய கை. காய்ப்பேறிய உள்ளங்கை. புறங்கையில் ஊசியின்மேல் ஒட்டிய பிளாஸ்டர், அதன் பிய்ந்து சுருண்ட ஓரம் அவள் தோலில் உரசியது. அது அவள் விரல்களுக்குள் தன் விரல்களை நுழைத்து இறுக்கியது. அவள் கீழே பார்த்தாள். கட்டிலில், வெள்ளைத் துணிக்கு வெளியே, அண்ணனின் கை விரிந்தபடி அசையாமல் கிடந்தது.