இடக்கை முடிச்சு

புதுமடத்துக்குக் கிழக்கே கடலைப் பார்த்து நின்ற ஐஸ் பேக்டரியில் பாதியை அறுபத்து நாலாம் வருஷத்துப் புயல் தின்றுவிட்டது. மீதியை இரண்டு வருடமாக உப்புக்காற்று தின்றுகொண்டிருந்தது. உள்ளே கிடந்த பழைய மோட்டாரை உடைத்துச் செம்பு எடுக்க, ஒரு மத்தியான வேளையில் கூத்தையா வந்தான். கூடவே செவ்வந்தியும் வந்தாள்.

வருகிற வெள்ளிக்கிழமை அவர்கள் இருவருக்கும் கல்யாணம். அவளுடைய முதல் புருஷன் சின்னச்சாமி இதே பேக்டரியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டியவன். புயலன்று மோட்டாரைக் காப்பாற்றப் போகிறேன் என்று உள்ளே ஓடினான். உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த மோட்டார் ஒழிந்தால்தான் தன் மனசு ஆறும் என்று செவ்வந்தி பிடிவாதமாக வந்திருந்தாள். கூத்தையாவுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. செம்பில் மட்டும்தான் நம்பிக்கை.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே இருட்டும் பழைய அமோனியா நெடியும். கூத்தையா மூடியைக் கழற்றினான். காயிலை வெள்ளை நாடா சுற்றிக் கட்டியிருந்தது. குனிந்து பார்த்த செவ்வந்தி சட்டென்று பின்வாங்கினாள்.

"இது அவரு போட்ட முடிச்சு."

சின்னச்சாமி இடக்கைக்காரன். மாட்டுக் கயிறோ சாக்குப்பையோ, முடிச்சைப் பின்பக்கமாகச் சுற்றி வாலை உள்ளே செருகிவிடுவான். அவிழ்க்க முடியாமல் அவள் திட்டிக்கொண்டே அரிவாள்மனையில் அறுத்தவை ஏராளம்.

"நாடாவப் பாத்துப் பயப்படுவியா புள்ள?" என்று சிரித்தபடி கூத்தையா உளியை வைத்து அடித்தான். முடிச்சு அறுந்தது.

பனையோலையை உள்ளே திணித்துத் தீ வைத்தார்கள். கம்பிகளை ஒட்டியிருந்த வார்னிஷ் கருகிப் புகை அடங்கியதும் குறட்டால் கம்பிகளைப் பிடுங்கினான். கடைசிக் கொத்து மட்டும் வரவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தான்.

கம்பி உள்பக்கம் நகர்ந்தது.

"எங்கனயோ சிக்கியிருக்கு," என்றான். அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. எப்படியோ பிடுங்கிச் சாக்கில் போட்டுக் கட்டினான். கரி கழுவக் கிணற்றடிக்குப் போய்த் திரும்பினார்கள்.

சாக்கு தட்டையாகக் கிடந்தது. அதன் வாயில் அவன் போட்ட கட்டு அப்படியே இருந்தது.

மோட்டாருக்குள் காயில் இருந்தது.

புத்தம்புதுச் செம்பு. வெள்ளை நாடா. ஈர வார்னிஷ் வாசனை.

"எவனோ வெளையாடுறான்," என்று கூத்தையா உள்ளே கையை விட்டுத் தடவினான்.

மோட்டார் முனக ஆரம்பித்தது.

கம்பங்கள் சாய்ந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் கரண்டே கிடையாது.

"செவ்வந்தி... கைய இழுக்குது."

நாடா அவன் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ நிதானமாக, வேலை தெரிந்தவனாகச் சுற்றுவதுபோல. முழங்கை வரை உள்ளே போய்விட்டது. அவன் அலறினான். செவ்வந்தி நகம் பிய்ய முடிச்சைப் பிறாண்டினாள். அது இறுகியது. அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

"உசுரோட இருந்தப்பவும் இந்த எழவத்தானே கட்டிக்கிட்டு அழுதீக!" என்று கத்தினாள். பிறகு மோட்டாரைப் பார்த்துக் கைகூப்பினாள். "இவர விட்டுருங்க. நான் யாரையும் கட்டிக்கிறல. உங்க பொண்டாட்டியாவே இருக்கேன்."

முனகல் நின்றது.

முடிச்சு தானாக அவிழ்ந்தது.

சாக்கையும் உளியையும் போட்டுவிட்டு இருவரும் உச்சிப்புளி ரோடு வரை ஓடினார்கள். கூத்தையாவின் கையைச் சுற்றிச் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. மூச்சு வாங்கியபடி கேட்டான்.

"அங்கன சொன்னது நெசமா?"

"உங்க கைய மீக்கத்தான் சொன்னேன்," என்றாள். "வெள்ளிக்கெழம வந்துருங்க."

அன்று ராத்திரி அவள் கதவைத் தாழிட்டு, ஒன்றுக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தனியாகப் படுத்தாள். அசதியில் நன்றாகவே தூங்கினாள்.

விடிந்ததும் கதவைத் திறக்கப் போனாள். தாழ்ப்பாள் அசையவில்லை.

வெள்ளை நாடா அதைச் சுற்றி இறுக்கியிருந்தது. உள்பக்கமாக. பின்பக்கச் சுற்று, உள்ளே செருகிய வால்.

தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டியது. வார்னிஷ் இன்னும் காயவில்லை.